கட்டட வரைபடக் கோடுகள் திரையில் நடுங்கினால் எங்கிருந்து சரிபார்ப்பது?

அவிநாசிக்கு அருகே கட்டவிருந்த ஒரு பின்னலாடைத் தொழிற்கூடத்தின் வரைபடத்தை ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் திறந்து, முப்பரிமாணக் காட்சியைச் சற்றே திருப்பினாலும் சுவர்க் கோடுகள் ரம்பப் பல்லாக உடைந்தன. தூண்கள் இடம் மாறித் துள்ளின. அளவெடுத்துப் பார்த்தாலோ ஒன்பது அங்குலச் சுவர் 230 மி.மீ. என்று சரியாகவே காட்டியது. கிராபிக்ஸ் கார்டுதான் பழுது என்று முடிவுகட்டிப் புதிய கார்டு வாங்கிப் பொருத்தினேன். நடுக்கம் துளியும் குறையவில்லை. அந்தச் செலவு இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதால், நான் இப்போது பின்பற்றும் வரிசையை எழுதுகிறேன். எல்லாவற்றையும் நகல் கோப்பில் மட்டுமே செய்யுங்கள்.

முதல் படிக்கு ஐந்து நிமிடம் போதும். ரெவிட்டில் ஆப்ஷன்ஸ் பகுதியில் கிராபிக்ஸ் என்பதன் கீழுள்ள ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை, அதாவது வரையும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் அமைப்பை, அணையுங்கள். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் கிராபிக்ஸ்கான்ஃபிக் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். கோளாறு மறைந்தால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பியுங்கள். என்விடியா கார்டாக இருந்தால், விளையாட்டுகளுக்கான கேம் ரெடி டிரைவரை விட ஸ்டுடியோ டிரைவரையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினியில், விண்டோஸ் செட்டிங்ஸின் டிஸ்ப்ளே பகுதிக்குள் சென்று, மென்பொருளுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிடுங்கள்.

அணைத்தும் நடுக்கம் தொடர்ந்தால், வரைபடம் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆட்டோகேட்டில் ஐடி என்று தட்டச்சு செய்து கட்டடத்தின் ஒரு மூலையைச் சொடுக்குங்கள். எனக்குக் கிழக்குத் தூரம் 7 லட்சம் மீட்டருக்கு மேலும், வடக்குத் தூரம் 12 லட்சம் மீட்டருக்கு மேலும் வந்தன. சர்வேயர் டிஜிபிஎஸ் என்ற துல்லியச் செயற்கைக்கோள் கருவியால் அளந்து, யுடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) ஆயத்தொலைவுகளிலேயே கோப்பைக் கொடுத்திருந்தார். அதில் பிழை எதுவும் இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து நம் ஊர் உண்மையிலேயே 12 லட்சம் மீட்டருக்கு மேல் வடக்கேதான் இருக்கிறது. ஆனால் கோப்பு எண்களை 64 பிட்டில், ஏறத்தாழ 15 இலக்கத் துல்லியத்துடன் சேமிக்கும்போது, கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 32 பிட்டில், ஏறத்தாழ 7 இலக்கத்துடன்தான் வரைகிறது. 12 லட்சம் என்ற எண்ணுக்கு அருகே 32 பிட்டில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையேயுள்ள இடைவெளி 0.125 மீட்டர், அதாவது 125 மி.மீ. ஒன்பது அங்குலச் சுவரில் பாதிக்கு மேல்! அளவு சரியாக இருக்க, காட்சி மட்டும் துள்ளியதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே வரைபடத்தைப் பூச்சியத்திற்கு அருகே கொண்டுவர வேண்டும். நான் தடுக்கி விழுந்ததும் இந்தப் படியில்தான். மூவ் கட்டளையில் எல்லைக் கல் ஒன்றைச் சொடுக்கி, 0,0,0 என்று கொடுத்தேன். அந்தக் கல் கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரத்தோடு வரையப்பட்டிருந்ததால், சமஉயரக் கோடுகள் அனைத்தும் முந்நூறு மீட்டருக்குக் குறையாமல் கீழிறங்கிவிட்டன. தரைமட்டக் கணக்கு போடும் வரை அதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது புள்ளியைச் சொடுக்குவதே கிடையாது. 748000,1238000,0 என்பது போல முழு எண்களைக் கையால் தட்டச்சு செய்து, அங்கிருந்து 0,0,0க்கு நகர்த்துகிறேன். உயரம் மாறாது, பின்னர் உண்மையான ஆயத்தொலைவு வேண்டுமென்றால் அதே எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த எண்களை வரைபடத்திலேயே ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

நகர்த்துவதற்கு முன் எல்லா லேயர்களின் (வரைபட அடுக்குகளின்) பூட்டையும் உறைநிலையையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் அவற்றில் உள்ளவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். நகர்த்திய பின் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுக்கும்போது வரைபடம் புள்ளியாகச் சுருங்கினால், ஏதோ ஒரு கோடு தொலைவில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். ரெவிட்டின் சொந்தப் பூச்சியமான உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கி.மீ., அதாவது 10 மைல் தாண்டிய எதையும் நம்ப முடியாது என்பதால், அந்த ஒற்றைக் கோட்டையும் தேடி அழித்துவிடுங்கள். பிறகு கோப்பை இணைத்து, ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயிண்ட் வழியாக உண்மையான மதிப்புகளைக் கொடுத்தால், கட்டடம் பூச்சியத்தருகே இருந்தபடியே சரியான எண்களைக் காட்டும்.

கணினியின் நினைவகம் (ரேம்) போதாமல் போகும் சிக்கலுக்கும் பெரும்பாலும் இதே சர்வே கோப்புதான் வாசல். ஆட்டோகேட்டில் ஆடிட் (பிழை திருத்தம்), ஓவர்கில் (ஒன்றன்மேல் ஒன்றான கோடுகளை நீக்கல்), பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்கல்) மூன்றையும் முடித்துவிட்டு, பர்ஜ் என்பதற்கு முன் ஒரு சிறு கோடிட்டு, பிற மென்பொருள்கள் விட்டுச்சென்ற பதிவுப் பெயர்களான ரெகாப்ஸையும் நீக்குங்கள். அது வழக்கமான பர்ஜ் சாளரத்தில் தெரிவதில்லை. ரெவிட்டில் கோப்பை உள்ளே ஏற்றாமல் (இம்போர்ட்), வெளியிலிருந்தே இணையுங்கள் (லிங்க்). வரைபடத்தைத் தனித்தனிக் கோடுகளாகச் சிதறடிக்கும் எக்ஸ்ப்ளோட் பொத்தானை மறந்தும் தொடாதீர்கள். கோப்பின் அளவைப் போல 20 மடங்கு ரேம் தேவைப்படும் என்பது ரெவிட் பயன்படுத்துவோரின் பழைய கணக்கு; 300 எம்.பி. கோப்புக்கு 6 ஜி.பி. ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் என்ற எண் (மென்பொருள்களுக்கு ஒதுக்கிய மொத்த நினைவகம்) தன் உச்சத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், ரேம் வாங்குவதற்கு முன், ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் பேஜ் ஃபைலை யாரேனும் அணைத்துவைத்திருக்கிறார்களா என்று சரிபாருங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் 16 ஜி.பி. ஒன்றை விட 8 ஜி.பி. இரண்டு மேல்; இரண்டும் சேர்ந்து வேகமாக இயங்கும், தனிக் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்த கரூர் நண்பர் ஒருவர், இரண்டு சர்வே கோப்புகளைச் சேர்த்தபோது ஒன்று பல நூறு கி.மீ. தள்ளிப் போய்விட்டதாக எழுதியிருந்தார். யுடிஎம்மின் 43ஆம், 44ஆம் மண்டலங்கள் 78 பாகைத் தீர்க்கரேகையில் பிரிகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் அதற்கு மேற்கிலும், கரூர், நாமக்கல், சேலம் கிழக்கிலும் உள்ளன. அந்தக் கோட்டருகே ஒரே கல்லின் கிழக்குத் தூரம் இரு மண்டலங்களிலும் சுமார் 650 கி.மீ. வேறுபடும். இதை மூவ் கட்டளையால் சரிசெய்ய முயல வேண்டாம்; இரு மண்டலங்களின் வடதிசையும் சற்றே கோணம் மாறியிருக்கும். சர்வேயரிடமே ஒரே மண்டலத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.