சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் ஒரே தடத்தில் தேங்கும் வண்டி வரிசையைக் கலைப்பது எப்படி?

ஊரைக் கட்டி நடத்தும் வீடியோ ஆட்டமான 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' 2015இல் வந்தது. அதன் முதல் பாகத்தில், ஊர் வளரத் தொடங்கியதும் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்தில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். குப்பை வண்டியும் ஆம்புலன்ஸும் அதே வரிசையில் மாட்டிக்கொள்ள, வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். என் ஊரில் இதைச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். சாலை போடவும் மண்டலம் பிரிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: யார் எங்கே போகிறார்கள்?

ஆட்டத்தை நிறுத்திவைத்து, போக்குவரத்துப் பாதைகளைக் காட்டும் தகவல் காட்சியைத் திறந்து, நெரிசலான சாலையைச் சொடுக்குங்கள். அதைக் கடக்கும் வண்டிகளின் முழுப் பாதையும் கோடுகளாகத் தெரியும். எதையும் இடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

படி 2: தடக் கணக்கு

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். ஆறு தடச் சாலையில் ஒரு தடம் மட்டும் நிரம்பி வழியும். மற்றவை வெறிச்சோடிக் கிடக்கும். உடனே சாலையை அகலப்படுத்தத் தோன்றும். அதனால் பயனில்லை.

இந்த ஆட்டத்தில் வண்டி தன் பாதையைத் தூரத்தையும் வேக வரம்பையும் வைத்தே முடிவு செய்கிறது. முன்னால் இருக்கும் நெரிசலை அது கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த திருப்பத்துக்கு உரிய தடத்திலும் முன்கூட்டியே சேர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே தடத்தில் வரிசை நின்றால், அத்தனை பேரும் ஒரே திருப்பத்தில் திரும்பப் போகிறார்கள் என்று பொருள்.

என் ஊரில் அந்தத் திருப்பம் தொழிற்பேட்டைக்குப் போவது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒற்றைத் தடம் நேராக ஒரு சிக்னலில் போய் முட்டியது. சிவப்பு விழும்போதெல்லாம் லாரி வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டது. தொழிற்பேட்டைக்கு என்றே தனி இறக்கமும் தனி ஏற்றமும் அமைத்து, அந்த லாரிகள் ஊருக்குள் நுழையாதபடி செய்தேன். வரிசை கரைந்துவிட்டது.

பிரியும் இடத்தில் இந்தக் கணக்கைப் பின்பற்றுங்கள்: மூன்று தடம் வந்தால் ஒன்று இறங்கட்டும், இரண்டு நேராகப் போகட்டும். சேரும் இடத்தில் இரண்டும் ஒன்றும் மூன்றாகட்டும். அப்போது யாரும் தடம் மாற வேண்டியிருக்காது. சந்திப்புகளையும் நெருக்கமாக வைக்காதீர்கள். ஒன்றின் வரிசை அடுத்ததை அடைத்துவிடும்.

படி 3: சிக்னலை எடுங்கள்

அகலமான சாலைகள் சந்தித்தால் ஆட்டம் தானாகவே சிக்னல் வைத்துவிடும். பாதைகள் காட்சியில் சந்திப்புகளுக்கான பகுதிக்குப் போய், சிக்னல் படத்தைச் சொடுக்கினால் அது நீங்கும். சிறு தெரு பெருஞ்சாலையில் சேரும் இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு, தெருப் பக்கம் மட்டும் 'நில்' பலகை வையுங்கள்.

ரவுண்டானா நடுத்தரமான போக்குவரத்துக்கு அருமையானது. லாரிகள் மொய்க்கும் இடத்தில் நான் அதை வைப்பதே இல்லை. குடியிருப்புகளுக்கு இடையே நடைபாதைகள் போடுங்கள்; இந்த ஊர் மக்கள் சளைக்காமல் நடப்பார்கள், அந்த அளவுக்குக் கார் குறையும்.

கருவி

கணினியில் விளையாடுபவர்களுக்கு 'டிராபிக் மேனேஜர்: பிரசிடென்ட் எடிஷன்' என்ற மோட் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) ஒன்றே போதும். எந்தத் தடம் எந்தத் தடத்தோடு இணைய வேண்டும் என்று கோடு இழுத்துக் காட்டலாம். நேரம் வைத்த சிக்னல்களை அதில் நான் விரும்புவதில்லை. சந்திப்பின் வடிவம் சரியாக இருந்தால் அவற்றுக்கு வேலையே இராது. நெடுநேரம் சிக்கிய வண்டிகளை ஆட்டம் மறைத்துவிடும் வழக்கத்தையும் இந்த மோடில் நிறுத்தலாம். நெரிசலின் உண்மையான அளவு அப்போதுதான் தெரியும்.

பிற்சேர்க்கை

இடப்பக்கப் போக்குவரத்து வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். புதிய ஊரைத் தொடங்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுண்டானாவின் ஒருவழிச் சாலையை அப்போது கடிகாரச் சுற்றில் வரையுங்கள்.

2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகத்துக்குப் படி 2 அப்படியே பொருந்தாது. அதில் வண்டிகள் நேரம், செலவு, வசதி ஆகியவற்றையும் எடைபோட்டுப் பாதையைத் தேர்கின்றன.

கன்சோலில் அந்த மோட் கிடைக்காது. அங்கே தடக் கணக்கையும் சிக்னல் நீக்கத்தையும் மட்டும் செய்யுங்கள்; நெரிசலின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.