மொட்டை மாடியில் பைத் தக்காளி

ஒரு செடிக்கு 12 அங்குல அகல, உயரமுள்ள பை போதும். செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேருங்கள். நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழியாமல் போடவே கூடாது. அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கிவிடும்.

25 நாள் நாற்றைக் கீழ் இலை மட்டம் வரை மண்ணுக்குள் இறக்கி, மாலையில் நடுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும், தக்காளியின் அழகே அதுதான்.

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் தண்ணீர் வேண்டாம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக ஊற்றினால் காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல அமுங்கும். பலர் இதை நோயென்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். உண்மையில் இது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) எட்டாத குறை. மண்ணில் அது இருந்தாலும், நீர் சீராக ஏறினால்தான் காய்வரை போகும். காலையில் அளவாக ஊற்றி, மேல்மண்ணைச் சருகால் மூடுங்கள். அடுத்து வரும் காய்கள் தேறிவிடும்.

பைகளைச் செங்கல் மேல் வையுங்கள். அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும், தளமும் ஊறும். பூத்ததும் காலையில் பூங்கொத்தை மெல்லச் சுண்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு நன்றாகப் பிடிக்கும்.