கிண்டில் பேட்டரியை வீட்டிலேயே மாற்ற

பாதி சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த கிண்டில் (மின்நூல் படிக்கும் கருவி), வைஃபை போட்டதும் பொட்டென்று அணைகிறதா? பேட்டரி ஓய்ந்துவிட்டது. பழைய லித்தியம் பேட்டரியில் உள்தடை, அதாவது மின்சாரத்தை உள்ளேயே மறிக்கும் தன்மை, ஏறியிருக்கும். கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் கேட்டாலே வோல்டேஜ் சரிந்துவிடும். ஆனால் நேற்றுதான் ஐம்பது புத்தகங்களை மொத்தமாக ஏற்றினீர்கள் என்றால் பொறுங்கள். தேடலுக்காக ஒவ்வொரு புத்தகத்தையும் அது அட்டவணைப்படுத்துகிறது. அது முடியும்வரை சார்ஜ் வேகமாகத்தான் இறங்கும்.

இங்கே சொல்வது கிண்டிலில் பேப்பர்வைட் என்ற மாடலுக்கு, அதுவும் 2018-க்கு முந்தையதற்கு. 2018 மாடல் தண்ணீர் புகாதபடி ஒட்டப்பட்டது. முதன்முதலாகக் கழற்றுபவர் அதில் கை வைக்க வேண்டாம்.

புதிய பேட்டரிக்குப் பெங்களூரில் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கீழே சொல்லும்படி முதலில் திறந்து, பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போவது நல்லது. முந்தைய பேப்பர்வைட்டில் இருப்பது 3.7 வோல்ட், 1420 எம்.ஏ.எச். (சார்ஜ் கொள்ளும் அளவு). அதே அளவில் 3000 என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். கனெக்டர் ஒன்றுபோல் இருந்தாலும் வயர் வரிசை மாறியிருக்கலாம், பழையதோடு ஒப்பிடுங்கள். மல்டிமீட்டரில் 3.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 3-க்குக் கீழே என்றால் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த சரக்கு. லேசாக உப்பியிருந்தாலும் வாங்காதீர்கள்.

கழற்றும் முன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி உப்பியிருந்தால் சூடு காட்டவே கூடாது, அப்படியே விவரம் தெரிந்த கடையில் கொடுத்துவிடுங்கள்.

முன்சட்டம் பசையாலும் கொக்கிகளாலும் பிடித்திருக்கும். ஹேர் டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓரங்களில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். விரல் தாங்கும் சூடு போதும். கீழ் ஓரத்தில் கிடார் பிக்கை (கிடார் மீட்டும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு) நுழைத்து, மெல்ல நான்கு பக்கமும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது, அங்கேதான் திரை. மின்மை (இ-இங்க்) திரையின் அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அது வளைந்து விரிசல் விடும். பிறகு அழியாத கோடுகள்தான், பேட்டரி மாற்றியும் பயனில்லை. வேலை முழுவதிலும் பொறுமை வேண்டிய இடம் இதுதான். பசை விடவில்லையென்றால் மறுபடி சூடாக்குங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

சட்டம் வந்ததும் சுற்றியுள்ள சின்ன ஸ்க்ரூக்களைப் பிலிப்ஸ் (கூட்டல் குறி முனை) டிரைவரால் கழற்றி, எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் ஒரு தாளில் வையுங்கள். திரையோடு சேர்ந்த மொத்தத்தையும் இரு கைகளாலும் ஓரம் பிடித்துச் சமமாகத் தூக்கித் திருப்பினால் பேட்டரி தெரியும். முதலில் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுங்கள், பிறகு மற்றது. பிளாஸ்டிக் கருவியால் மட்டும் நெம்புங்கள். இரும்பு முனை ஷார்ட் ஆக்கும், பேட்டரியைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும்.

புதியதைப் பொருத்தியதும் மூடிவிடாதீர்கள். சார்ஜரைச் செருகி விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லையென்றால் பெரும்பாலும் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்காது. திரை அசையவே இல்லையென்றால் ஒரு மணி நேரம் சார்ஜில் விட்டு, பவர் பட்டனை 40 விநாடி அழுத்திப் பிடியுங்கள். புத்தகங்கள் அழியாது, அவை தனி நினைவகத்தில் இருக்கின்றன. நேரம் மட்டும் மாறியிருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள்.

பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். உலர்கழிவுப் பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றும். அதை அள்ளுபவர் கைதான் வேகும்.