முதுகலைப் படிப்புக்குப் பணம்: வங்கிக்குப் போவதற்கு முன் செய்யவேண்டியவை

இளங்கலை கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகளிடம் "மேலே படிக்கலையா?" என்று கேட்டால், "வீட்டுல முடியாது" என்பதுதான் பலரிடமிருந்து வரும் பதில். கொஞ்சம் துணிந்தவர்கள் நேராக வங்கிக் கடனைப் பற்றிக் கேட்பார்கள். அந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். எங்கே சேர்வது என்று முடிவெடுக்கும்போதே பாதிச் செலவு தீர்மானமாகிவிடுகிறது. அதனால் முதலில் குறைந்த செலவில் படிக்கக்கூடிய இடம், அடுத்து உதவித்தொகை, அப்புறமும் துண்டு விழுந்தால் மட்டும் கடன்.

படி 1: பணத்தோடு வரும் இடத்துக்குத் தேர்வு எழுதுங்கள்

பொறியியல் படித்தவர்களுக்கு, முதுகலைக்கான தேசியத் தேர்வான கேட் தேர்வே ஒரு உதவித்தொகைதான். ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. அல்லது எம்.டெக் சேரும்போது செல்லுபடியாகும் கேட் ஸ்கோர் கையில் இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்குக் கிடைக்கும். மொத்தம் 2,97,600 ரூபாய். திருப்பிக் கட்டவேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா தேர்வை மட்டும் எழுதிச் சேர்ந்தவருக்கு இந்தத் தொகை வராது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருவர் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறும், மற்றவருக்கு ஒன்றும் இருக்காது. கேட் ஸ்கோர் 3 ஆண்டுகள் செல்லும் என்பதால், வேலைக்குப் போய்விட்டு வந்து சேர நினைப்பவர்களும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அறிவியல் மாணவர்களுக்கு ஜாம் தேர்வு. ஐஐடி, என்ஐடிகளில் எம்.எஸ்சி. சேர இதுதான் வழி. கணிதத்திலும் புள்ளியியலிலும் வலுவாக இருப்பவர்கள் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்வை விட்டுவிடாதீர்கள். அங்கே முதுகலைக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கலைப் பாடங்கள், வணிகவியல் படித்தவர்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது முதுகலை நுழைவுத் தேர்வான க்யூட் பிஜி எழுதலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டும் அதன் வழியாகவே சேர்க்கின்றன. எதுவும் எழுதவில்லை என்றாலும் நம் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. முதுகலைக்கும் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

கேட், ஜாம் இரண்டுக்கும் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் வந்து போய்விடும். தேர்வு பிப்ரவரியில். க்யூட் பிஜி விண்ணப்பம் ஆண்டு முடிவை ஒட்டி வரும், தேர்வு மார்ச் வாக்கில். ஆகவே கடைசி ஆண்டு தொடங்கும்போதே இந்த வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். ரிசல்ட் வந்தபிறகு யோசித்தால் இந்தக் கதவுகள் எல்லாம் அடைத்திருக்கும்.

படி 2: காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள்

தகுதி இருந்தும் பணம் கிடைக்காமல் போகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். அது ஓராண்டுதான் செல்லும். ரொம்ப முன்னதாகவும் எடுக்காதீர்கள், கடைசி வாரத்துக்கும் தள்ளாதீர்கள்.

அடுத்தது சாதிச் சான்று. பிசி, எம்பிசி மாணவர்கள் பள்ளியிலிருந்தே வைத்திருக்கும் அந்த அட்டை மாநில அரசுக்கு உரியது. ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஓபிசி இடஒதுக்கீடு வேண்டுமென்றால், மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (ஓபிசியில் வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். சாதி ஒன்றுதானே என்று பழைய அட்டையைப் பதிவேற்றினால் விண்ணப்பம் பொதுப்பிரிவுக்குப் போய்விடும்.

வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், தனிக் கணக்காக இருக்கட்டும். அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். ஏதாவது ஒரு காலத்தில் திறந்த ஜன்தன் கணக்கில் வரவுக்கு வரம்பு இருக்கலாம், அதுவும் வேண்டாம். ஆதார் நகல் கொடுத்திருப்பது மட்டும் போதாது. அரசுப் பணம் வந்து விழும்படி அந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் எந்த வங்கி காட்டுகிறது என்று பாருங்கள். பழைய வங்கியின் பெயர் வந்தால், உதவித்தொகை அங்கேதான் போகும். வங்கிக்குப் போய் டிபிடிக்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் வரும் முறைக்கு) ஆதாரை இணைக்கவேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள்.

படி 3: உதவித்தொகை

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் முதுகலை உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு. நாடு முழுவதும் 10,000 பேருக்கு, இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு. அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. முதலாம் ஆண்டில் முழுநேரமாகப் படிப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம், வயது 30-ஐத் தாண்டக்கூடாது. கலைப் பாட மாணவர்களுக்கும் உண்டு. எம்.ஏ. தமிழுக்கு யார் தருவார்கள் என்று ஒதுங்காதீர்கள்.

மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு யூமிஸ் எண் (கல்லூரி மாணவர்களுக்கான மாநிலப் பதிவு எண்) அவசியம். அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைத் திட்டத்தில் பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். முதல் பட்டதாரிச் சலுகையும் புதுமைப் பெண் திட்டமும் இளங்கலையோடு நின்றுவிடும், அவற்றை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

விடுதிச் செலவு கல்விக் கட்டணத்தைவிட அதிகமாகும் ஊர்கள் உண்டு. சமூகநீதி விடுதிகள் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் அரசு விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சேர்க்கை முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

படி 4: மீதிக்கு மட்டும் கடன்

ஒரு தாளில் இரண்டு ஆண்டுக் கட்டணம், விடுதி, புத்தகம், பயணம் எல்லாவற்றையும் எழுதி, உறுதியாக வரக்கூடிய உதவித்தொகையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கடன் தொகை. வங்கி பத்து லட்சம் தருகிறது என்பதற்காகப் பத்து லட்சம் வாங்கக்கூடாது.

கடனின் எடை தெரிய ஒரு கணக்கு. ஐந்து லட்சம் கடன், ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுப் படிப்பு, அதற்குமேல் ஓராண்டு அவகாசம். அந்த மூன்று ஆண்டில் தனிவட்டியே 1.25 லட்சம் ஏறிவிடும். 6.25 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 8,260 ரூபாய். படிக்கும்போதும் அவகாச காலத்திலும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் தவணை ஏறத்தாழ 6,610-ல் நிற்கும். முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 2,100 ரூபாய் அளவுதான். வீட்டில் அது முடியுமென்றால் கட்டுங்கள் என்பேன்.

வங்கிகளின் பொது வழக்கப்படி 4 லட்சம் வரை பிணையோ ஜாமீனோ கேட்கமாட்டார்கள், 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதையடுத்த ஓராண்டு அவகாசத்திலும் 3 சதவீத வட்டி மானியம். ஆனால் வேறு அரசு உதவித்தொகை வாங்குபவருக்கு அந்த மானியம் கிடையாது. ஐந்து லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 15,000 ரூபாய். யுஜிசி தொகை ஆண்டுக்கு 1.5 லட்சம். எதை விடக்கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

விண்ணப்பிக்குமுன் அப்பா, அம்மா பெயரில் பழைய கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள்தான் இணை விண்ணப்பதாரர்கள் என்பதால் வங்கி அவர்களுடைய சிபில் கணக்கையும், அதாவது பழைய கடன்களைக் கட்டிய வரலாற்றையும் பார்க்கும்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

இது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும், ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்குப் பொதுவாக அனுபவம் கேட்பதில்லை, மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், கடைசி ஆண்டு மாணவர்களும் முயலலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஜே.என். டாடா அறக்கட்டளை 1892 முதல் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவி வருகிறது, அது கடனாகத் தரும் உதவி.

படி 5: இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டு பணம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். உதவித்தொகையை இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலும் புதிய வருமானச் சான்றும் கேட்கலாம். கல்லூரி ஒப்புதல் தராமல் விண்ணப்பம் நகராது. பதிவேற்றியபின் வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். கல்லூரி அளவில் நிலுவை என்று காட்டினால், விண்ணப்ப எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்ப்பவரிடம் போய் நில்லுங்கள்.