நெடுஞ்சாலைச் சந்திப்பு மாற்றியமைப்பு: கருத்துச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசிய நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றை மாற்றியமைக்கப் போவதாகச் செய்தி வந்ததும், பகுதி மக்கள் அரசிதழ் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பதே பெரும்பாலும் முதல் தவறாகிவிடுகிறது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நில எடுப்புக்கான 3ஏ அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் ஆட்சேபத்தை எழுத்து மூலம் அளிக்க வேண்டும். அந்த உரிமையும் நிலத்தில் பாத்தியம் உள்ளவர்களுக்கே உண்டு. அன்றாடம் அங்கே பேருந்து மாறுபவருக்கு அதில் இடமில்லை. திட்ட வரைபடம் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அப்போதுதான் மனுச் செய்தால், பதிலளிக்க அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் இருப்பதால், பதில் வருவதற்குள் ஆட்சேபக் காலம் முடிந்துவிடக்கூடும். சாலையில் அளவெடுப்புத் தொடங்கும்போதே மனுச் செய்துவிடுவது நல்லது.

இதனினும் பெரிய தவறு, “மேம்பாலம் வேண்டும்” அல்லது “வேண்டாம்” என்பதோடு கருத்து மனுவை முடித்துவிடுவது. சென்னை கத்திப்பாராவில் ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, பூந்தமல்லி சாலை, உள்வட்டச் சாலை ஆகியவை கூடும் இடத்தில் 2008இல் குளோவர் இலை வடிவ (நான்கு இதழ் போன்ற வளைவுச் சாலைகள் கொண்ட) மேம்பாலம் திறக்கப்பட்டு, வாகனங்கள் நிற்காமல் திரும்ப வழி பிறந்தது. பாலத்தின் அடியில் பேருந்துகள் நின்று செல்லும் வசதியோடு நகர்ப்புறச் சதுக்கம் திறக்கப்பட்டதோ 2021 டிசம்பரில்தான். பேருந்து மாறுபவர்களின் தேவை வரைபட நிலையிலேயே எழுத்தில் அழுத்தமாக இடம்பெற வேண்டிய ஒன்று என்பதற்கு இந்த 13 ஆண்டு இடைவெளியே போதிய சான்று என்று கருதுகிறேன்.

எனவே மனுவில் இடமும் நேரமும் ஆளும் தெரிய வேண்டும். போரூர்ப் பேருந்தில் இறங்குபவர் தாம்பரம் பேருந்தைப் பிடிக்க எத்தனை சாலைகளைக் கடக்கிறார், பள்ளி விடும் நேரத்தில் எந்த வளைவின் குறுக்கே பிள்ளைகள் நடக்கிறார்கள், எந்தச் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குகிறது என்று எழுதினால் பொறியாளரால் அதை வரைபடத்தில் வைத்துப் பார்க்க முடியும். குளோவர் இலை வடிவத்தில், வளைவிலிருந்து சாலைக்குள் சேரும் வாகனமும் அடுத்த வளைவுக்கு விலகும் வாகனமும் குறுகிய தூரத்துக்குள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. இருசக்கர வாகன ஓட்டிகள் அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது.

இழப்பீட்டுக் கோரிக்கையையும் வடிவமைப்புக் குறையையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம். முன்னது நில எடுப்பு அலுவலருக்கும், பின்னது திட்டத்தை நிறைவேற்றும் நெடுஞ்சாலை அலுவலகத்துக்கும் உரியவை.

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமானால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுவாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். பேசி முடித்ததும் கலைந்துபோவது அங்கே பலரும் செய்யும் தவறு. கூட்ட நடவடிக்கைகளின் சுருக்கத்தை இறுதியில் உள்ளூர் மொழியில் விளக்கி வாசிக்க வேண்டும் என்பது விதி. தாம் சொன்னது அதில் விடுபட்டிருந்தால், தலைமை வகிக்கும் அலுவலர் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுந்து திருத்தம் கேட்க வேண்டும்.