"டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?" யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக்கூடாது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தொண்டு நிறுவன வேலையில் ஆங்கிலம் கதைக்க வேண்டி வரும்போது, ஒன்றை விளக்கி முடித்ததும் பலருக்கு வாயில் வருவது "டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?" இலக்கணம் சரிதான். ஆனால் வெளிநாட்டு நிதி வழங்குநரிடமோ மேலதிகாரியிடமோ கேட்டால், ரீச்சர் மாணவனை எழுப்பிக் கேட்பதுபோல இருக்கும். தமிழில் "உங்களுக்கு விளங்குதோ?" என்றால் மரியாதை அந்த "உங்களுக்கு"விலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "யூ"தான். அதனால் மரியாதையை வசனத்தின் அமைப்பில்தான் காட்ட வேண்டும்.

முதலில், கேள்வியை உங்கள் விளக்கத்தின் பக்கம் திருப்புங்கள். "ஹாவ் ஐ எக்ஸ்ப்ளெயின்ட் தட் கிளியர்லி?" என்றால் விளங்காத குற்றம் கேட்பவர்மேல் விழாது. கூட்டத்தில் சக ஊழியர்களிடம் "டஸ் தட் மேக் சென்ஸ்?" போதும், மேலதிகாரிக்கும் கீழே வேலை செய்பவருக்கும் பொருந்தும் என்பதால், ஒன்றை மட்டும் பாடமாக்குவதென்றால் இதையே பாடமாக்கலாம். "கொட் இட்?", "யூ நோ வட் ஐ மீன்?" இரண்டும் கூட்டாளிமாருக்கு. அதே "கொட் இட்?"டை அதிகாரி ஊழியரிடம் சொன்னால் கட்டளையாகிவிடும்.

"இஸ் தட் கிளியர்?" கொஞ்சம் ஆபத்தானது. குரல் கடைசியில் ஏறினால் கேள்வி, இறங்கினால் மிரட்டல். மின்னஞ்சலில் குரலே இல்லை, ஆகவே அங்கே "ப்ளீஸ் லெட் மீ நோ இஃப் எனிதிங் இஸ் அன்கிளியர்" என்று எழுதுங்கள்.

"யூ ஆர் கமிங் டுமாரோ, நோ?" என்று முடிப்பது இலங்கை ஆங்கிலத்தில் சாதாரணம். உள்ளூரில் அதைத் திருத்தத் தேவையில்லை. வெளிநாட்டவரிடம் பேச்சில் "ரைட்?" என்று மாற்றலாம், எழுத்தில் "குட் யூ ப்ளீஸ் கன்ஃபேர்ம்" என்று தொடங்குவது நல்லது.

விளங்காதது உங்களுக்கென்றால், தொலைபேசியில் "வட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சொரி, குட் யூ சே தட் அகெய்ன்?" எங்கும் செல்லும். "கம் அகெய்ன்?" நண்பர்களோடு நிற்கட்டும். இன்னும் நல்ல வழி, விளங்கிய பகுதியைச் சொல்லி மிச்சத்தை மட்டும் கேட்பது: "யூ செட் தி டீம் இஸ் கோயிங் டு ஒட்டுசுட்டான். விச் டே வொஸ் இட்?" மற்றவர் முழுவதையும் திரும்பச் சொல்லவேண்டி இராது. மின்னஞ்சலிலும் இதேதான். வெறும் "ப்ளீஸ் கிளாரிஃபை" கணக்காய்வு விசாரணைபோல ஒலிக்கும், "குட் யூ ப்ளீஸ் கிளாரிஃபை வெதர் திஸ் இன்க்லூட்ஸ் டிரான்ஸ்போர்ட்?" என்றால் பதிலும் கெதியாக வரும்.

வோக்கிடோக்கியில் மரியாதை வசனங்கள் வேண்டாம், சுருக்கம்தான் முக்கியம். அங்கே "சே அகெய்ன்" என்று கேளுங்கள், "ரிப்பீட்" என்று கேட்காதீர்கள். இராணுவ வானொலி வழக்கில் "ரிப்பீட்" என்பதற்கு அதே இலக்கில் மறுபடி சுடு என்று பொருள். "ரோஜர்" என்றால் செய்தி கிடைத்தது, அவ்வளவுதான். செய்வேன் என்பதற்கு "வில்கோ".

எந்த வசனத்தைத் தேர்ந்தாலும் "யெஸ்" என்ற பதிலை நம்பி எழும்பிவிடாதீர்கள். எங்கட ஆக்கள் விளங்காவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "யெஸ்" சொல்லித் தப்ப முடியாத கேள்வியைக் கேளுங்கள்: "வட் வில் யூ டூ ஃபேர்ஸ்ட்?" ஆஸ்பத்திரிகளில் இதற்கு டீச்-பேக் என்று பெயர். மருந்தை எப்படி எடுக்கவேண்டும் என்று விளக்கியபின், நோயாளியைத் தன் சொல்லிலேயே திருப்பிச் சொல்லவைப்பார்கள். அப்போதும் பழியைத் தங்கள்மேல் போட்டே தொடங்குவார்கள்: "ஐ வோன்ட் டு மேக் ஷுவர் ஐ எக்ஸ்ப்ளெயின்ட் இட் வெல்."

இலக்கங்களைத் தனியாகச் சரிபாருங்கள். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோலக் கேட்கும், "வன் ஃபைவ் ஓர் ஃபைவ் ஸீரோ?" என்று கேட்பது யாரிடமும் மரியாதைக் குறைவல்ல. 05/06 என்பது எங்களுக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. திகதி எழுதும்போது மாதத்தின் பெயரையே எழுதுங்கள்.

எந்தத் தரத்தில் எழுதுவது என்று தெரியாவிட்டால், முதல் மின்னஞ்சலைச் சம்பிரதாயமாகவே அனுப்புங்கள். மற்றவர் "ஹாய்" என்று தொடங்கித் தன் முதற்பெயரோடு முடித்திருந்தால், அடுத்ததில் நீங்களும் இளகலாம்.