புல்லட்டிலிருந்து சின்ன வண்டிக்கு மாறுகிறீர்களா? அறுபதை ஒட்டியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஆனி மாதத்தில், நாகர்கோவிலில் ஒரு டீக்கடை முன்னால் என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (நம் பேச்சில் இதுவும் புல்லட்தான்) சாய்ந்துவிட்டது. ஓடும்போது இல்லை. வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் பொடிச் சரல் கிடந்தது, கால் ஒரு சாண் வழுக்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் தொடையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தியிருப்பேன். அன்று முடியவில்லை. ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே வண்டி மெல்ல மெல்லத் தரையில் படுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் இருந்த இரண்டு பையன்கள் ஓடிவந்து தூக்கினார்கள். முழங்கால் மூன்று வாரம் வலித்தது.

எனக்கு வயது 61. இருபத்தைந்து வயதிலிருந்து கனமான வண்டிதான். அன்றைக்குப் பிறகு எடை குறைந்த வண்டி தேடி ஆறு மாதம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன். என் வயது நண்பர்கள் நாலைந்து பேர் அதே நேரத்தில் வண்டி மாற்றினார்கள். அதில் இரண்டு பேர் மாற்றிய வண்டியை ஆறு மாதத்துக்குள் மறுபடி விற்றார்கள். அவர்கள் எங்கே பிசகினார்கள், நான் எங்கே பிசகவிருந்தேன் என்பதைச் சொன்னால் இந்த யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் ஒன்று. வண்டி எடை நம்மை வாட்டுவது நிற்கும்போதுதான். சக்கரம் சுழன்று இருபது, முப்பது கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் கிளாசிக் மாதிரி 195 கிலோ வண்டியும் தன் பாட்டுக்கு நிமிர்ந்து போகும். பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போது, சென்டர் ஸ்டாண்ட் போடும்போது, மேட்டில் நின்று கிளம்பும்போது, சின்னத் தெருவில் நடை வேகத்தில் திருப்பும்போதுதான் எடை தெரியும். ஆனால் ஷோரூமில் எல்லோரும் செய்வது என்ன? நேரான ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, "நல்லா இழுக்குதே" என்று முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நம் வயதுக்கு அந்த ஒரு கிலோமீட்டரில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

அதனால் எஞ்சினை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். வண்டியில் உட்கார்ந்தபடி காலால் உந்திப் பத்தடி பின்னால் போங்கள். இறங்கி நின்று, ஹேண்டிலைப் பிடித்து ஒரு சின்னச் சரிவில் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். (கையால் தூக்காதீர்கள். ஸ்டாண்டின் மிதியில் உடம்பு எடை முழுவதையும் இறக்கி நின்றால் வண்டி தானே ஏறிக்கொள்ளும். பல வருடம் இதைத் தப்பாகச் செய்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.) பிறகு வண்டியை இரு பக்கமும் கொஞ்சம் சாய்த்து, எந்த இடத்தில் உங்கள் பிடியை விட்டுப் போகப் பார்க்கிறது என்று கவனியுங்கள். விற்பனைப் பையன் பொறுமை இழந்தால் இழக்கட்டும்.

எடையை மட்டும் பார்த்து வாங்குவது

எடைக் கணக்கை வெறும் கிலோவாகப் பார்ப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. அதே என்ஃபீல்டின் மீட்டியோர் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை 191 கிலோ. கிளாசிக்கைவிட வெறும் நாலு கிலோதான் குறைவு. ஆனால் கிளாசிக்கின் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், மீட்டியோருக்கு 765. அந்த நாலு சென்டிமீட்டரில் குதிகால் முழுவதும் தரையில் பதிகிறது. கால் பதிந்தால் 191 கிலோவும் அடங்கி நிற்கும். எதிர்ப்பக்கம் பாருங்கள். ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோதான், கிளாசிக்கைவிட முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. ஆனால் சீட் உயரம் 825-ஐத் தொடும். ஐந்தடி ஐந்து அங்குல மனிதருக்கு அதில் கால் நுனிதான் எட்டும். என் நண்பர் ஒருவர் "எடை குறைவு, மேடு பள்ளத்துக்கு நல்லது" என்று இதை வாங்கினார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்க வேண்டியிருந்தது. எடை குறைந்தும் பயம் குறையவில்லை. வண்டி நல்ல வண்டி. அவர் காலுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

சீட்டின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே உயரத்தில் இருந்தாலும் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது ஷூவோடு போய் உட்கார்ந்து பாருங்கள். வெறுங்காலில் எட்டுவதும் ஷூவில் எட்டுவதும் ஒன்றில்லை.

இன்னொன்று, காகிதத்தில் போட்டிருக்கும் எடை பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்ததா இல்லையா என்று கேளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். 13 லிட்டர் டேங்க் நிறைந்தால் கிட்டத்தட்ட பத்து கிலோ, அதுவும் வண்டியின் மேல்பகுதியில். ஷோரூமில் டேங்க் காலியாக இருக்கும் வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு "லேசா இருக்கு" என்று நம்பக் கூடாது. அதற்கு மேல் கிராஷ் கார்டு, பக்கப் பெட்டி, கேரியர் என்று மாட்டிக்கொண்டே போனால், குறைத்த எடையை நாமே திரும்ப ஏற்றிவிடுகிறோம்.

எடை குறைந்த வண்டியும் சாயும். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. அதையும் குனிந்து முதுகால் இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். விழுந்த வண்டியைத் தூக்கும் முன் எஞ்சினை அணையுங்கள். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைட் ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டுவிடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டில் பின்புறத்தை ஒட்டி உட்காருவதுபோல் குந்தி, ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் பின் கம்பியைப் பிடித்து, காலால் பின்னோக்கி நடந்தபடி நிமிர்த்துங்கள். வேலை முழுவதும் தொடைக்குப் போக வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்கள் இதைக்கூடத் தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு ஆளைக் கூப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை.

"வயசாச்சு, ஸ்கூட்டர் போதும்"

வீட்டில் முதலில் சொல்வது இதைத்தான். காலைத் தூக்கிப் போட முடியாத அளவுக்கு இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டவர்களுக்கு ஸ்கூட்டர் சரிதான். கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. கைவிரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் யோசிக்காமல் அதற்குத் தாவுவது தவறு. பைக்கின் சக்கரம் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம். ஆக்டிவாவுக்கு முன்னால் 12, பின்னால் 10. பைக் தாண்டிப் போகும் குழியில் அந்தப் பின்சக்கரம் இறங்கி ஏறும், அந்த அடி நேராகத் தண்டுவடத்துக்குப் போகும். பைக்கில் குழியைப் பார்த்ததும் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம். டேங்கை முழங்காலால் கவ்விப் பிடிக்கலாம். ஸ்கூட்டரில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் உட்கார வேண்டும். டிஸ்க் விலகியவர்கள், கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் உங்கள் தெரு ரோட்டிலேயே ஒரு வாரம் யாருடைய ஸ்கூட்டரையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மின்சார ஸ்கூட்டரில் எனக்குப் பிடித்தது ரிவர்ஸ் வசதி. ஐக்யூப், ஏதர் போன்றவற்றில் இருக்கிறது. பார்க்கிங்கில் பின்னால் தள்ளுவதுதான் நம் பெரிய பிரச்சினை என்றால், இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் சத்தம் வராது என்பதால் ஆன் ஆகியிருப்பதையே மறந்துவிட்டு ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடி வண்டியை நகர்த்துகிறார்கள். கை முறுகினால் வண்டி பாய்ந்துவிடும். இறங்கியவுடன் அணைக்கும் பழக்கம் வரும்வரை கவனம் தேவை.

கை காலுக்குப் பழைய வண்டிதான் ஞாபகம் இருக்கும்

மற்ற தவறுகளில் பணம் போகும். இந்தத் தவறில் உயிர் போகும்.

புது என்ஃபீல்டு 350 வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்ற நாலும் மேலே. ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரும் முன்பக்கம் அழுத்துவதுதான். பதினைந்து வருடம் காலை மேலே தூக்கி கியர் கூட்டிய பழக்கத்தில், ஸ்ப்ளெண்டரில் மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போக நினைத்து மேலே தூக்கினால் இரண்டாவதுக்கு இறங்கிவிடும். வண்டி உதறி, பின்சக்கரம் ஒரு நொடி இழுத்துக்கொள்ளும். ஈர ரோட்டில் அந்த ஒரு நொடி போதும். பழைய இரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இன்னும் சிக்கல். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று பழகிய கால், பதற்றத்தில் பழைய இடத்தைத்தான் தேடும். எனவே முதல் இரண்டு வாரம் காலை ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் மட்டும் ஓட்டுங்கள்.

பிரேக் விஷயமும் அப்படித்தான். நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். 125-க்கும் அதற்குக் கீழும் உள்ள பல வண்டிகளில் கம்பைண்ட் பிரேக்தான் இருக்கும். அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள கிளாசிக்கிலிருந்து டிரம் பிரேக் உள்ள 100 சிசி வண்டிக்கு வருகிறவர், "வண்டி லேசு, சீக்கிரம் நின்றுவிடும்" என்று நினைத்து முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிப் போகிறார். அது நடக்காது. முடிந்தவர்கள் 150, 160 சிசி வண்டி பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஹோண்டா யூனிகார்ன் 140 கிலோ, யமஹா எஃப்ஸி 135 கிலோவை ஒட்டி. புல்லட்டில் முக்கால் பங்குக்கும் குறைவான எடை, ஏபிஎஸ்ஸும் இருக்கிறது. நான் கடைசியில் எடுத்தது இந்த வகையில்தான்.

ஓவர்டேக் செய்வதில் கண் நம்மை ஏமாற்றும். கிளாசிக்கின் இழுவை 27 நியூட்டன் மீட்டர், ஸ்ப்ளெண்டருக்கு 8-ஐ ஒட்டித்தான். இவ்வளவு இடைவெளி போதும் என்று புல்லட்டில் பழகிய கண், சின்ன வண்டியிலும் அதே இடைவெளியில் லாரியைத் தாண்டச் சொல்லும். பாதியில் போனதும் வண்டி திணறும், எதிரே கார் வரும். நாலுவழிச் சாலை தவிர மற்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஓவர்டேக்கே வேண்டாம் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக வள்ளியூர் போயிருந்தால் தெரியும், கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். கனமான வண்டி அதைத் தாங்கிக்கொள்ளும். சின்ன வண்டி ஓரடி நகர்ந்துவிடும். பயந்து ஹேண்டிலை இறுக்கினால் தள்ளாட்டம் கூடும். கையைத் தளர்த்தி, டேங்கை முழங்காலால் கவ்வி, வேகத்தைக் குறைத்து, நம் பக்கப் பாதையின் நடுவில் போக வேண்டும். பஸ்ஸைத் தாண்டும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்று, வெளியே வந்ததும் திரும்ப அறையும். உடுமலை, பல்லடம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் இந்தக் காற்று தெரிந்ததுதான்.

பின்னால் உட்காருகிறவரைக் கேட்காமல் வாங்குவது

நம் வீடுகளில் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மனைவி வீட்டில்தான் இருப்பார். பிறகு அவர்தான் சேலையோடு ஒருபக்கமாக அதில் ஏறி உட்கார வேண்டும். அவருக்கும் முழங்கால் வலி இருக்கும். பின்சீட் உயர்ந்து, குட்டையாக இருக்கும் வண்டியில் ஏற அவர் நம் தோளைப் பிடித்து இழுப்பார். அந்த இழுப்பில்தான் நிற்கும் வண்டி சாயும். எடை குறைந்த வண்டியில் இது கூடுதலாகத் தெரியும். 195 கிலோவில் 60 கிலோ ஏறுவதும் 112 கிலோவில் 60 கிலோ ஏறுவதும் வேறு வேறு. அவரையும் கூட்டிப்போய், ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சாரி கார்டு, பக்கக் கால்மிதி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். என் மனைவி இரண்டு வண்டிகளை அந்த இடத்திலேயே வேண்டாம் என்றாள். இரண்டுமே அவள் சொன்னது சரி.

உடம்பைப் பார்க்காமல் வண்டியை மட்டும் மாற்றுவது

புது வண்டி வாங்குவதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள். எதிர் விளக்கு வெளிச்சம் சிதறித் தெரிந்தால் அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம், எந்த வண்டியும் அதைச் சரிசெய்யாது. சளிக்குப் போடும் மாத்திரை தூக்கம் வரவைக்கும். சில பிரஷர் மாத்திரைகளால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் சாப்பிடாமல் வண்டி எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலையில் சின்ன அடியும் பெரிதாகிவிடும். ஹெல்மெட்டின் கொக்கியைப் போடாமல் தெருமுனைக் கடைக்குக்கூட அவர்கள் போகக் கூடாது. உங்கள் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, "நான் வண்டி ஓட்டுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர் கேட்பதில்லை.

லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், மருத்துவச் சான்று படிவம் 1ஏ வேண்டும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டிவரும்.

பழைய வண்டியைக் கொடுக்கும்போது

அவசரப்பட்டு முதலிலேயே விற்காதீர்கள். புது வண்டியில் ஒரு மாதம் ஓட்டிய பிறகு விற்றால் போதும். விற்கும்போது, வாங்குகிறவர் தெரிந்த பையன் என்பதற்காகக் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்சி அவர் பெயருக்கு மாறிவிட்டதை நீங்களே பார்த்துவிடுங்கள். அதுவரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் உங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். இத்தனை வருடம் கிளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டிக்கு உரியதில்லை, உங்களுக்கு உரியது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கடிதம் மூன்று வருடம் செல்லும்.